தொலைவிலிருந்து சுகாதாரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை தூரம், சிக்னல் அரைகுறை, பணம் இழுபறி. இப்படிப்பட்ட இடங்களில் தன்னார்வலர்களுக்குப் போன் வழியாகப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சிகிச்சை சம்பந்தமான எண்கள் வரும் இடங்களில் உங்கள் நாட்டு வழிகாட்டியில் வேறு மாதிரி இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

“சுகாதாரத் தன்னார்வலர் என்றால் நர்ஸுக்கு உதவியாளரா?”

இல்லை. அதே ஊர்க்காரர், சில வாரமோ சில மாதமோ பயிற்சி பெற்றவர். வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்பார், தெரிந்ததைச் சொல்லித்தருவார், ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவார். உலக நாடுகள் கூடி வெளியிட்ட 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா பிரகடனமே ஆரம்ப சுகாதாரத்தில் மருத்துவர், செவிலியரோடு சமூகப் பணியாளர்களையும் சேர்த்துத்தான் பேசியது. எத்தியோப்பியா போன்ற நாடுகளில் இவர்களில் ஒரு பகுதியினர் அரசுச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். இந்தத் தொகுப்பு சம்பளமே இல்லாமலோ சிறு உதவித்தொகைக்கோ வேலை செய்பவர்களைப் பற்றியது.

“நேரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு எதற்குப் போனில்?”

விட்டுவிடச் சொல்லவில்லை. ஐந்து நாள் முகாம் நடத்துகிறீர்கள், முதல் நாள் வயிற்றுப்போக்கு பற்றிச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தத் தன்னார்வலர் முதல் வயிற்றுப்போக்குக் குழந்தையைப் பார்க்க இரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் பாதி மறந்திருக்கும். கேட்க ஆளும் இருக்காது. போன் உதவுவது அந்த இரண்டு மாத இடைவெளியில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும் நேர்முகப் பயிற்சியையும் மின்வழிப் பயிற்சியையும் கலந்து கொடுங்கள், மேற்பார்வையோடு கூடிய செய்முறைக்கு முன்னுரிமை கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் முழுக்க முழுக்கப் போனிலேயே நடத்துவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வழியே இல்லாத நெருக்கடிக் காலம் மட்டும் விதிவிலக்கு.

“எங்கள் ஆட்களிடம் இருப்பது பட்டன் போன். அப்போது முடியாதுதானே?”

முடியும். பட்டன் போனில் குரல் நன்றாகவே வேலை செய்யும். தன்னார்வலர் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார், கணினி திரும்ப அழைக்கும். மூன்று நிமிடப் பாடம் ஓடும், கடைசியில் ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. இதைத்தான் ஐ.வி.ஆர். என்கிறார்கள். பீகாரில் ஆஷா என்னும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்காக 2012இல் தொடங்கிய ‘மொபைல் அகாடமி’ ஐ.வி.ஆர். வழியாகத்தான் எந்தச் சாதாரண போனிலும் கேட்கக்கூடிய பாடங்களைக் கொடுத்தது. அந்த அளவுக்கு வசதி இல்லையென்றால் ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரு கான்ஃபரன்ஸ் கால் போதும்.

எஸ்.எம்.எஸ்.ஸை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழ் போன்ற எழுத்துகளில் அது 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘வயிற்றுப்போக்கு’ கண்ணுக்கு 8 எழுத்து, போனின் கணக்கில் 15. நாலே சொல்லில் செய்தி நிரம்பிவிடும். எஸ்.எம்.எஸ்.ஸில் பாடம் நடத்தாதீர்கள், “நாளை காலை 10 மணிக்கு அழைப்போம்” என்பது போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஸூம் வைத்தால் பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களும் ‘கேக்கல, கேக்கல’ என்கிறார்கள்.”

நேரலை வீடியோதான் இருப்பதிலேயே செலவான வழி. ஒரு நிமிடக் குரல் பதிவு, நொடிக்கு 16 கிலோபிட் வேகத்தில், சுமார் 120 கிலோபைட்தான். அதே ஒரு நிமிடம் வீடியோவானால் பல மடங்கு ஆகிவிடும். ஒரு மணி நேர ஸூம் ஒருவரின் டேட்டாவை ஒரே மூச்சில் காலி செய்துவிடும்.

சொல்ல வேண்டியதைக் குரல் பதிவாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வீடியோ தேவைப்படும் பாடங்களை நேரில் சந்திக்கும்போதே மெமரி கார்டில் ஏற்றிக்கொடுங்கள். நேரலையைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வீடியோவை அணைத்துவிட்டு. எந்த நேரத்தில் என்பதை அவர்களிடமே கேளுங்கள். உங்கள் அலுவலக நேரம்தான் அவர்களுக்கு வேலை மும்முரமாக இருக்கும் நேரம்.

“ஒரு பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?”

மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து. ஒரு பாடத்தில் ஒரே விஷயம். “நிமோனியா என்பது நுரையீரலில் ஏற்படும்…” என்று தொடங்கினால் ஆள் போய்விடுவார். “பத்து மாதக் குழந்தை, இரண்டு நாளாக இருமல், தாய் உங்களைக் கூப்பிடுகிறார். முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” என்று தொடங்குங்கள்.

பாடம் கேட்டதோடு முடிந்துவிடக் கூடாது. மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவைத்துவிட்டார். மறுநாள் ஒரு கேள்வி, வாரம் கழித்து ஒன்று, மாதம் கழித்து ஒன்று. புதுப் பாடம் தயாரிப்பதைவிட இது சலிப்பான வேலை, அதனாலேயே பலர் செய்வதில்லை.

“படிக்கத் தெரியாதவர்களைச் சேர்க்கலாமா?”

வேலையைப் பொறுத்தது. வீடுவீடாகப் பேசுவது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது என்றால் தாராளமாக. வயதுக்கேற்ற மருந்தளவு, பதிவேடு என்று வந்துவிட்டால் எண்களையாவது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் முழுவதும் குரலில்தான் என்று முடிவு செய்துவிட்டால் இந்தக் கேள்வியின் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

“கையால் செய்யவேண்டியதைப் போனில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மூச்சு எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்களேன்.”

சரியான உதாரணம். இருமலோடு இருக்கும் குழந்தைக்கு நிமோனியாவாக இருக்குமா என்று தன்னார்வலர் பார்ப்பது மூச்சை எண்ணித்தான். 2 மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. இந்த மூன்று எண்களைப் போனில் மனப்பாடம் செய்யவைப்பது எளிது. எங்கள் குழுவில் எல்லோரும் ஒப்பித்தார்கள்.

ஒருநாள் ஒருவர் பதறி அழைத்தார். பத்து மாதக் குழந்தை, மூச்சு 84 என்றார். குழந்தை பால் குடிக்கிறதா? குடிக்கிறது. சிரிக்கிறதா? சிரிக்கிறது. விலா எலும்புக்குக் கீழே உள்ளிழுக்கிறதா? இல்லை. “சரி, போனைக் கீழே வைக்காதீர்கள், எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணுங்கள்” என்றேன். எண்ணினார். வயிறு மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று. உள்ளிழுப்பதும் வெளிவிடுவதும் சேர்ந்துதான் ஒரு மூச்சு என்பதை எங்கள் பாடத்தில் யாருமே சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. குழந்தையின் மூச்சு 42, 50க்குக் கீழே.

அதற்குப் பிறகு வழியை மாற்றினோம். குழந்தையின் வயிறு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நிமிட வீடியோக்கள் சிலவற்றை, பெற்றோர் சம்மதத்தோடு எடுத்து, மெமரி கார்டில் கொடுத்தோம். வாரம் ஒன்றைப் பார்த்து எண்ணி, எண்ணிக்கையை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும். இரட்டிப்பாக எண்ணுகிறவர்கள் இன்னும் சிலர் உடனே தெரிந்தார்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களும்தான். குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, அதனால் முழு நிமிடமும் எண்ண வேண்டும், அழும்போது எண்ணக் கூடாது. வீடியோவில் சரியாக வந்தாலும் உண்மையான குழந்தைமேல் ஒருவர் பக்கத்தில் நின்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

“மற்ற செய்முறைகளுக்கும் இதே வழிதானா?”

ஒவ்வொன்றுக்கும் தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் சோதியுங்கள். வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைக்கத் தெரியாதவர் யாருமில்லை. தவறு வருவது தண்ணீர் அளவில். பாக்கெட் ஒரு லிட்டருக்கானது என்றால் “உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் எந்தப் பாத்திரத்தில், எதுவரைக்கும்?” என்று கேட்டு, கோடு போட்டுப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஜிங்க் மாத்திரையில் தவறு வேறு: வயிற்றுப்போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள். 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டியது அது. மூன்றாம் நாள் நினைவூட்டல் போனால் போதும்.

ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறியப் புயத்தை அளக்கும் வண்ண நாடாவில், 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 115 முதல் 125க்குள் மஞ்சள். இறுக்கி இழுத்தால் மஞ்சள் சிவப்பாகிவிடும், தொளதொளவென்று விட்டால் சிவப்பு மஞ்சளாகிவிடும். எல்லோருடைய பையிலும் ஒரே அளவு மருந்து டப்பா இருந்தால் அதைச் சுற்றி அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லலாம். டப்பா ஒன்றுதான், எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறினால் நாடாவை வாசிப்பதில் கோளாறு. டப்பா நசுங்காது என்பதால் இறுக்கிப் பிடிப்பதை இது காட்டாது. அதற்குத் தோலில் நாடா பதிந்திருக்கிறதா என்று நேரில்தான் பார்க்க வேண்டும். ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது இந்தப் பக்கமே வரக் கூடாது.

“டெஸ்ட் வைத்தால் எல்லோரும் 100 மார்க் வாங்குகிறார்கள். நம்பலாமா?”

ஒருவர் கண்டுபிடித்துக் குரூப்பில் போட்டிருப்பார். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், கூடி வேலை செய்யச் சொன்னது நாம்தானே. தேர்வுக்குப் பதிலாக, “இதைப் படிக்காத ஒரு தாய்க்குச் சொல்கிற மாதிரி ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள்” என்று கேளுங்கள். மனப்பாடமா, புரிதலா என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும்.

அதைவிட நல்ல வழி தாயிடமே கேட்பது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980இல் தொடங்கி வீடுவீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பி, உப்பும் வெல்லமும் கரைத்த கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பிறகு வேறொரு குழு சில வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கும். பணியாளரின் ஊதியம் அதைப் பொறுத்திருந்தது. ஊதிய விஷயத்தைப் பிறகு பேசுவோம். சோதனையைத் தாயிடம் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மாதம் இரண்டு வீட்டுக்கு, அனுமதி வாங்கிக்கொண்டு, நீங்களும் போன் செய்யலாம்.

“குரூப்பில் நோயாளிகளின் போட்டோவைப் போடுகிறார்களே?”

உடனே நீக்கச் சொல்லுங்கள். போட்டவரைக் குரூப்பில் திட்டாமல் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். முகம், பெயர், வீடு எதுவும் கூடாது என்பது முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் “மேலத்தெரு, 19 வயது, மூன்று மாதக் கர்ப்பம்” என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தோலில் தடிப்பு போன்றவற்றைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் சம்மதம் வாங்கி மேற்பார்வையாளருக்கு மட்டும் அனுப்பி, பிறகு இரண்டு போனிலும் அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் படங்களைத் தானாகச் சேமிக்கும் அமைப்பை எல்லோருடைய போனிலும் அணைத்து வையுங்கள்.

“அவசரம் என்றால் குரூப்பில் எழுதலாமா? யாராவது பார்ப்பார்கள்தானே?”

முப்பது பேர் இருக்கும் குரூப்பில் ஒவ்வொருவரும் மற்ற 29 பேர் பார்ப்பார்கள் என்று நினைப்பார்கள். குழந்தை பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் இருப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் எழுதக் கூடாது, அழைக்க வேண்டும். அழைப்பு எடுக்கப்படவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, கிளம்ப வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அனுமதிக்காகக் காத்திருப்பார்கள்.

“வதந்திகளைப் பார்வேர்ட் செய்துகொண்டே இருக்கிறார்கள்.”

இரண்டு குரூப் வையுங்கள். ஒன்றில் பயிற்றுநர் மட்டும் பேசலாம், அது பாடத்துக்கு. இன்னொன்று அரட்டைக்கு. வதந்தியை அனுப்பியவரை விரட்டாதீர்கள். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. அதற்கான பதிலை அரை நிமிடக் குரல் பதிவாகக் கொடுங்கள், அதையே அவர்கள் பார்வேர்ட் செய்யட்டும்.

“போன் அவர் கணவரிடம் இருக்கிறது. ராத்திரிதான் கைக்கு வரும். என்ன செய்ய?”

ராத்திரி நேரத்துக்குப் பாடத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான் பாதி விஷயத்துக்கு. மீதிப் பாதி நுட்பமானது. குடும்பக் கட்டுப்பாடு, மாதவிடாய், வீட்டில் அடி உதை பற்றிய பாடங்களைத் தானாக வந்து ஒலிக்கிற மாதிரி அனுப்பாதீர்கள். போனை எடுப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவராக மிஸ்டு கால் கொடுத்துக் கேட்கும் முறை இங்கே பாதுகாப்பு. பக்கத்து ஊர்த் தன்னார்வலரோடு ஜோடி சேர்த்துவிட்டால் ஒருவர் போன் கிடைக்காத நாளில் இன்னொருவர் சொல்லிவிடுவார்.

“டேட்டாவுக்கு யார் பணம் கொடுப்பது? தன்னார்வலர் என்றுதானே சொல்கிறோம்?”

திட்டம் நடத்துகிறவர்தான். அதுவும் மாதத் தொடக்கத்திலேயே. பில் காட்டினால் பிறகு தருகிறோம் என்பது இல்லாதவரிடம் கடன் கேட்பது.

உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2018 வழிகாட்டுதல், வேலைக்கும் நேரத்துக்கும் பயிற்சிக்கும் ஏற்ற ஊதியம் கொடுக்கச் சொல்கிறது. ஊதியம் முழுவதையுமோ பெரும்பகுதியையோ செயல்திறனோடு மட்டும் கட்டிவிட வேண்டாம் என்றும் சொல்கிறது. பிராக் உதாரணத்தைக் கேட்டதும் “எங்களிடமும் மார்க்குக்கு ஏற்ற பணம்” என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிக் கட்டினால் எது எண்ணப்படுகிறதோ அது மட்டும் நடக்கும்.

“ஒரு பயிற்றுநர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ளலாம்?”

அனுப்புவதென்றால் ஆயிரம் பேருக்கும் அனுப்பலாம். கேட்பதென்றால் என் அனுபவத்தில் 20 பேர். வாரம் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் 200 நிமிடம். லைன் கிடைக்காதது, திரும்ப அழைப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

இதோடு மாதம் ஒரு கூட்டு அழைப்பு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டம் நல்ல மாதிரி. கல்லீரல் அழற்சி சி (ஹெபடைடிஸ் சி) நோய்க்குத் தொலைவூர் மருத்துவர்கள் தாங்களே சிகிச்சை தர, நிபுணர்களிடம் தங்கள் நோயாளிகளைப் பற்றி வீடியோவில் பேசிக் கற்றுக்கொண்டார்கள். நமக்குக் குரல் அழைப்பே போதும். ஒருவர் தான் பார்த்த வீட்டைப் பெயரில்லாமல் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும், பயிற்றுநர் கடைசியில்தான் பேச வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனைதான் பயிற்றுநர்களுக்குக் கஷ்டம்.

“கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஏ.ஐ. சாட்பாட் வைத்துவிடலாமே?”

பாடத்தின் முதல் வரைவு, பயிற்சிக் கேள்விகள் தயாரிக்க உதவும். தெரிந்தவர் ஒருவர் வரிக்கு வரி பார்த்துவிட்டு அனுப்பலாம். தன்னார்வலரும் சாட்பாட்டும் நேருக்கு நேர், நடுவில் ஆள் இல்லாமல் என்றால் வேண்டாம். தவறான மருந்தளவையும் சரியானதைப் போலவே தங்குதடையில்லாமல் சொல்லும். எது தவறென்று கண்டுபிடிக்கும் அனுபவம் புதிய தன்னார்வலருக்கு இன்னும் வந்திருக்காது. மேலே 84 என்று சொன்னவரை நினைத்துப்பாருங்கள். “84 என்றால் வேகமான மூச்சு” என்பது சரியான பதில்தான். எண்ணிக்கையே தவறு என்பது அவர் எண்ணுவதைக் கேட்டதால்தான் தெரிந்தது.

“ஆறு மாதத்தில் பாதிப் பேர் பதிலே அனுப்புவதில்லை. பயிற்சி தோற்றுவிட்டதா?”

தெரியாது. முதலில் அழைத்துக் கேளுங்கள். சிம் மாறியிருக்கலாம். பிள்ளை பிறந்திருக்கலாம். அவர் அனுப்பிய தாயை மருத்துவமனையில் யாரோ “இதுக்கெல்லாம் எதுக்கு வந்தே?” என்று விரட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு போவார்?

நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒருவர் ஆறு வாரம் மௌனமாகிவிட்டார். ஆர்வம் குறைந்தவர் பட்டியலில் அவர் பெயரை எழுதிவிட்டோம். பிறகு அழைத்தபோது, “பாக்கெட் தீர்ந்துபோச்சு. வெறுங்கையோட போய் என்னன்னு சொல்றது?” என்றார். அந்த ஆறு வாரத்தில் நாங்கள் அவருக்கு அனுப்பியிருந்தவை ஓ.ஆர்.எஸ். பற்றிய மூன்று நினைவூட்டல்கள். இப்போது வாராந்திர அழைப்பில் பாடத்துக்கு முன்னால் “கையில் எத்தனை பாக்கெட் இருக்கிறது?” என்று கேட்கிறோம். ஐந்துக்குக் கீழே சொன்னால் அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, கிடங்குக்குப் போன் செய்கிறோம்.